ஆயிரத்துக்கு இவ்வளவு

பல்லாவரத்திலிருந்து பம்மலுக்குச் செல்லும் சாலையில், பொழுது புலருமுன், மூடிக்கிடக்கும் கடைகளின் படிகளில் தினசரிக் கட்டுகளைப் பிரித்துப் போட்டு அமர்ந்திருக்கும் ஏஜெண்டுகளையும் பையன்களையும் கண்டவர்கள், அவர்கள் கைகள் செய்தித்தாள்களை அடுக்குவதோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் கவனித்திருப்பார்கள். ஒவ்வொரு பிரதியின் வயிற்றுக்குள்ளும் ஒரு துண்டு நோட்டீஸ் நுழைகிறது. புதிதாகத் திறந்த பல் வைத்தியசாலையோ, ஆடித் தள்ளுபடி அறிவித்திருக்கும் ஜவுளிக்கடையோ, பத்தாம் வகுப்புக்கு டியூஷன் நடத்தும் ஆசிரியரோ அதை அச்சடித்துக் கட்டாகக் கட்டி முந்தின நாள் மாலையிலேயே கொடுத்திருப்பார்கள். கூலி பேசப்படுவது ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். மறுநாள் காலையில் கடைக்காரர் தமக்குப் பழக்கமான இரண்டு தெருக்களில் நோட்டீஸ் வந்ததா என்று விசாரித்துக்கொள்வார். வந்திருந்தால் கணக்குத் தீர்ந்தது. உலகத்தின் மிகப் பெரிய இணையதளங்கள் தங்கள் பக்கங்களில் தோன்றும் விளம்பரங்களுக்குப் பணம் பெறுவதும் இதே அளவையில்தான், அதாவது ஆயிரம் பேர் கண்ணில் பட்டால் இவ்வளவு என்ற விகிதத்தில்தான். ஆயினும், எண்ணுவது யார், எண்ணியவரை நம்புவது எப்படி என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காண நம் நாட்டுப் பத்திரிகைகளுக்கு ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகள் பிடித்தன; அந்த விடை கிடைத்த பிறகே விளம்பர வருமானம் என்பது உறுதியான வருமானமாயிற்று. அந்தச் சரித்திரத்தைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பம்மல் என்ற பெயரைத் தமிழுலகம் முழுவதும் அறியச் செய்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-இல் சென்னையில் சுகுணவிலாச சபையை ஸ்தாபித்தவர். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றியவர். நாடகம் நடத்துபவருக்கு விளம்பரத்தின் பலனை அளப்பது ஒரு சிரமமான காரியமே அன்று. சுவரில் ஒட்டிய நோட்டீசுக்கும், பத்திரிகையில் கொடுத்த அறிவிப்புக்கும் செய்த செலவு அன்றிரவு டிக்கெட் வசூலிலேயே தன் நியாயத்தைச் சொல்லிவிடும். பத்திரிகையில் இடம் வாங்கிய வியாபாரிக்கோ அத்தகைய பிரத்தியட்சப் பிரமாணம் கிடையாது. அவர் வாங்கியது காகிதத்தில் சில அங்குலங்கள். கிடைத்தது என்ன என்பது அவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

சென்னையின் முதல் பத்திரிகையான 'மெட்ராஸ் கூரியர்' 1785-இல் ரிச்சர்டு ஜான்ஸ்டன் என்பவரால் தொடங்கப்பட்டது. அந்நாளிலிருந்து நெடுங்காலம் வரையில் விளம்பரத்துக்கு விலை நிர்ணயித்தவர்கள் வரியையும் அங்குலத்தையுமே அளவாகக் கொண்டார்கள். 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி ஆறு இளைஞர்கள் கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயை வைத்துக்கொண்டு 'ஹிந்து' பத்திரிகையின் முதல் இதழை எண்பது பிரதிகள் அச்சிட்டபோது, அந்த எண்பது என்ற எண்ணிக்கையை மறைக்கவும் தேவை இருக்கவில்லை, பறைசாற்றவும் தேவை இருக்கவில்லை. பிற்காலத்தில் பத்திரிகை வளர்ந்து, கஸ்தூரி ரங்க ஐயங்கார் 1905-இல் எழுபத்தையாயிரம் ரூபாய்க்கு அதை வாங்கிய பிறகுதான், விளம்பரங்களைச் சேகரிப்பதும் அவற்றின் பணத்தை ஒழுங்காக வசூலிப்பதும் பத்திரிகை நிர்வாகத்தின் பிரதான காரியங்களாயின. அந்தப் பத்திரிகையின் முதற்பக்கம் 1958-ஆம் ஆண்டு ஜனவரி வரையில் விளம்பரங்களுக்கே உரியதாக இருந்தது என்பதை இன்றைய வாசகர் நம்புவது கடினம். நாட்டு விடுதலையும் மகாத்மாவின் மரணமும் நிகழ்ந்த காலத்திலும் முகப்பில் நின்றவை விளம்பரங்களே. வாசகன் கண் முதலில் விழும் இடத்துக்கு அதிக விலை உண்டு என்ற உண்மையை, யாரும் கண்ணின் அசைவை அளந்து பார்க்காத காலத்திலேயே, விளம்பர மானேஜர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அந்நாளைய விளம்பர இலாகாவின் அன்றாட வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது உபயோகமாயிருக்கும். கான்வாஸர் ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கி, ரேட் கார்டைக் காட்டி ஆர்டர் பெற்று வருவார். விளம்பரத்தின் துத்தநாக பிளாக் மரக்கட்டையில் அறையப்பட்டுப் பெட்டியில் வந்து சேரும். இதழ் வெளியானதும் குமாஸ்தா அடிக்கோலை எடுத்து, விளம்பரத்தின் மேற்கோட்டிலிருந்து கீழ்க்கோடு வரையில் அளந்து, இத்தனை பத்தி, இத்தனை அங்குலம் என்று பேரேட்டில் பதிவார். பின்னர் மெட்ரிக் முறை வந்ததும் அங்குலம் சென்டிமீட்டர் ஆயிற்று. பில்லோடு அந்த இதழின் ஒரு பிரதியும் சேர்த்து அனுப்பப்படும். இதற்கு 'வவுச்சர் காப்பி' என்று பெயர். விளம்பரம் வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஏஜென்ஸியின் மூலமாக வந்த விளம்பரமானால் நூற்றுக்குப் பதினைந்து கமிஷன் கழிக்கப்படும். இவ்வளவு துல்லியமாகக் காகிதத்தின் பரப்பு அளக்கப்பட்டது. அந்தக் காகிதம் எத்தனை பேர் கைக்குப் போயிற்று என்பது மட்டும் முதலாளியின் வாய்ச்சொல்லாகவே இருந்தது. அளக்க எளியதை அளந்து, அளக்க வேண்டியதை விட்டுவிட்ட இந்தக் குறையை நான் பெரிதாகச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. பின்னர் இணையத்தின் காலத்திலும் இதே குறை புதிய உருவில் வந்து நின்றது.

தமிழ்ப் பத்திரிகை உலகில் இந்தக் குறையின் தீவிரத்தை முதலில் உணர்ந்தவர் எஸ். எஸ். வாசன் என்று சொல்லலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து தாயாருடன் சென்னைக்கு வந்த அந்த இளைஞர், விளம்பர ஏஜெண்டாகவும் தபால் மூலம் சாமான்கள் விற்பவராகவும் தொழில் செய்துவந்தார். தபால் வியாபாரம் செய்பவருக்கு ஒரு விசேஷ சௌகரியம் உண்டு: எந்தப் பத்திரிகையில் கொடுத்த விளம்பரத்துக்கு எத்தனை ஆர்டர்கள் வந்தன என்பதை அவர் வி.பி.பி. ரசீதுகளிலிருந்தே எண்ணிவிடலாம். பத்திரிகை முதலாளி சொல்லும் எண்ணிக்கை எதுவாயினும், அதன் சாரம் தபால்காரர் கொண்டுவந்து தரும் மணியார்டர்களில் வெளிப்பட்டுவிடும். பூதூர் வைத்தியநாத ஐயர் நடத்திவந்த 'ஆனந்த விகடன்' தள்ளாடியபோது, 1928-இல் வாசன் அதை இருநூறு ரூபாய்க்கு வாங்கினார். பெயரிலுள்ள எட்டு எழுத்துக்களுக்கு எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் விலை பேசினார் என்று ஒரு செய்தி பத்திரிகை உலகில் வழங்குகிறது. விளம்பரத்துக்கு இடம் வாங்கிக்கொண்டிருந்தவரே இடத்தை விற்பவராக மாறியது அற்பமான மாறுதல் அன்று. வாசகர் தொகை பெருகாமல் விளம்பரக் கட்டணத்தை உயர்த்துவது வீண் முயற்சி என்று அவருக்குத் தெரியும். ஆகவே கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் எழுத்தையும், படங்களையும், ஹாஸ்யத்தையும், குறுக்கெழுத்துப் போட்டியையும் கொண்டு முதலில் வாசகர்களைச் சேர்த்தார். விளம்பரம் பின்னால் வந்தது. பரிசுப் போட்டிகளால் சேரும் வாசகர் உண்மையான வாசகர்தாமா என்ற கேள்வி அப்பொழுதே எழுந்தது. பிற்காலத்தில் 1955-ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிச் சட்டம் அவற்றுக்கு வரம்பு கட்டியது. போட்டிக் கூப்பனுக்காக மட்டும் பத்திரிகை வாங்குகிறவர் விளம்பரத்தைப் பார்ப்பாரா என்பது நியாயமான சந்தேகமே.

வாசனிடம் விளம்பரப் பகுதியைக் கவனித்துவந்த டி. சதாசிவம், கல்கியோடு சேர்ந்து 1941-இல் 'கல்கி' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார், எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து ஈட்டிய பணம் அதற்கு மூலதனமாயிற்று. தமிழின் புகழ்பெற்ற வாரப் பத்திரிகைகள் இரண்டின் நிர்வாகமும் விளம்பரத் தொழிலில் பழகியவர்களின் கையில் இருந்தது என்பது நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் போதிய அளவு கவனிக்காத விஷயம். தொடர்கதைகள் வளர்ந்த கதையைச் சொல்லும்போது, அவற்றின் இரு பக்கங்களிலும் நின்று அவற்றுக்குச் சோறு போட்ட சோப்பு, தைலம், டானிக் விளம்பரங்களின் கதையையும் சேர்த்துச் சொல்லுவதே நியாயமாகும். இரண்டாம் உலகப் போரின்போது காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்து, பக்கங்கள் சுருங்கின. இடம் குறைந்ததும் அதன் விலை ஏறிற்று. விளம்பர வருமானத்தைக் கூட்ட இடத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை, குறைவான இடத்தையும் மதிப்புள்ளதாகச் செய்யலாம் என்ற பாடத்தை அந்தக் கஷ்ட காலம் புகட்டிற்று.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். 1948-இல் பம்பாயில் 'ஆடிட் பீரோ ஆஃப் சர்குலேஷன்ஸ்' என்னும் ஏ.பி.சி. ஸ்தாபிக்கப்பட்டது. அமெரிக்காவில் இத்தகைய ஸ்தாபனம் 1914-லேயே தோன்றிவிட்டது. அதன் அமைப்பிலேயே அதன் சிறப்பு அடங்கியிருந்தது: பத்திரிகை நடத்துவோர், விளம்பரம் கொடுப்போர், ஏஜென்ஸிக்காரர் ஆகிய மூன்று தரப்பாரும் அதன் அங்கத்தினர், லாபம் அதன் நோக்கமன்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும், பத்திரிகையின் கணக்குகளை அங்கீகாரம் பெற்ற ஆடிட்டர்கள் சோதித்துச் சான்றிதழ் வழங்குவார்கள். எவ்வளவு காகிதம் வாங்கப்பட்டது, எவ்வளவு அச்சாயிற்று, எவ்வளவு வீணாயிற்று, ஏஜெண்டுகளுக்கு அனுப்பியதில் எவ்வளவு விற்காமல் திரும்பிற்று, விற்றதற்குப் பணம் உண்மையில் வந்ததா என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் விலை கொடுத்து வாங்கப்பட்ட பிரதிகளின் தொகை மட்டும் எஞ்சும். இலவசமாக வீசியவையும், மிகக் குறைந்த விலையில் தள்ளியவையும் அந்தத் தொகையில் சேரா. அச்சானதற்கும் விற்றதற்கும் இடையே உள்ள தூரத்தை இவ்வளவு கண்டிப்பாகப் பிரித்துக் காட்டிய ஏற்பாடு இந்திய வர்த்தகத்தில் அதற்கு முன் வேறொன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. விற்பவரும் எண்ணக் கூடாது, வாங்குபவரும் எண்ணக் கூடாது, இருவரும் ஒப்புக்கொண்ட மூன்றாமவரே எண்ண வேண்டும் என்ற தர்மம் அங்கே நிலைநாட்டப்பட்டது. உண்மையான எண்ணிக்கை சிறியதாகத் தெரிந்துவிடுமே என்று அஞ்சியவர்களும் உண்டு. ஆனால் சான்றிதழ் பெற்ற சிறிய தொகைக்கு, சான்றிதழில்லாத பெரிய தொகையைவிட அதிக மதிப்பு கிடைத்தது.

இதற்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1956-இல் பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம் வந்தது. அதே ஆண்டு பக்கங்களுக்கு ஏற்ப விலை வைக்க வேண்டுமென்ற சட்டமும் வந்து, சிறிது காலத்துக்குள் உச்ச நீதிமன்றத்தினால் தள்ளப்பட்டது. விளம்பரத்தைக் குறைப்பது பேச்சுரிமையைக் குறைப்பதாகும் என்பது அத்தீர்ப்பின் உள்ளுறை. 1982-இல் அறிக்கை தந்த இரண்டாவது பத்திரிகைக் கமிஷன், பெரிய பத்திரிகைகளில் செய்திக்கு அறுபது பங்கும் விளம்பரத்துக்கு நாற்பது பங்கும் இருக்கலாம் என்று யோசனை சொன்னது. அது நடைமுறைக்கு வரவில்லை. 1970-இல் தேசிய வாசகர் கணிப்பும், 1995-இல் இந்திய வாசகர் கணிப்பும் நடந்தன. ஒரு பிரதியை வீட்டில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று வீடு வீடாகச் சென்று கேட்டறிந்த அந்தக் கணிப்புகளால், விளம்பரக்காரரின் கவனம் பிரதியிலிருந்து மனிதரை நோக்கித் திரும்பிற்று.

1994-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி, 'ஹாட்வயர்டு' என்ற அமெரிக்க இணைய இதழில் ஏடி அண்ட் டி என்னும் தொலைபேசிக் கம்பெனியின் நீளவாட்டு விளம்பரம் ஒன்று தோன்றியது. பார்த்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேர் அதைச் சொடுக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. புதுமையின் கவர்ச்சி அது, நிலைத்திருக்கவில்லை. விளம்பரத் தொழிலில் அதுவரை யாரும் காணாத ஒரு வசதி அதனோடு பிறந்தது. எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள், அவர்களுள் எத்தனை பேர் பொருளை வாங்கினார்கள் என்பது அக்கணமே பதிவாகும். வாசன் மணியார்டர்களை எண்ணி அறிந்ததை இயந்திரம் வினாடிக்கு வினாடி எண்ணிக் கொடுத்தது. அளவைப் பற்றிய பிரச்சினை இத்துடன் தீர்ந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

தீரவில்லை என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு தளத்தின் பக்கங்கள் ஒரு மாதத்தில் ஐம்பதாயிரம் முறை பார்க்கப்பட்டு, விளம்பரத்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பார்வைக்கு ஐம்பது ரூபாய். தள முதலாளி இந்த ஐம்பதைப் பார்த்து மகிழ்வதோ வருந்துவதோ பயனற்றது. அது பல எண்கள் சேர்ந்து உண்டான எண். பக்கத்தில் எத்தனை இடங்கள் இருந்தன, அவற்றுள் எத்தனைக்கு விளம்பரம் கிடைத்தது, கிடைத்தவற்றுள் எத்தனை உண்மையில் வாசகன் கண்ணுக்கு வந்தன, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை கிடைத்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் குறை எங்கே என்பது புலப்படும். பக்கத்தின் அடியில் வைத்த விளம்பரம் பக்கம் திறந்ததுமே 'காட்டப்பட்டது' என்று எண்ணப்பட்டது. வாசகனோ பாதியிலேயே திரும்பிப் போய்விட்டான். குமாஸ்தாவின் அடிக்கோல் காகிதத்தை அளந்து வாசகனை விட்டது போல, இயந்திரம் அனுப்பியதை எண்ணிப் பார்த்ததை விட்டுவிட்டது. விளம்பரக்காரர்களின் முறையீட்டால், 2014-இல் அமெரிக்க ஊடக அளவைக் கவுன்சில் ஒரு வரையறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: விளம்பரத்தின் பாதிப் பரப்பாவது தொடர்ந்து ஒரு வினாடி நேரம் திரையில் தெரிந்திருந்தால்தான் அது 'காணத்தக்கது' என்று கணக்கில் சேரும். ஒரு வினாடி என்பது அற்பம்தான். ஆயினும் எதையும் கேளாமல் எண்ணிய காலத்துக்கு அது ஒரு முற்றுப்புள்ளி.

வருமானத்தைப் பெருக்குவதற்கு முதலில் எல்லாரும் கைக்கொண்ட வழி, இடங்களை அதிகமாக்குவது. கட்டுரையின் ஒவ்வொரு பத்திக்கும் இடையே ஒன்று, ஓரத்தில் இரண்டு, திரையை மறைத்துக்கொண்டு ஒன்று என்று நிரப்பினார்கள். முதல் மாதத்தில் வருமானம் ஏறும். பக்கம் திறக்கத் தாமதமாகி வாசகர் குறைவதும், விளம்பரங்கள் கண்ணில் படாமையால் ஆயிரத்துக்குக் கிடைக்கும் விலை சரிவதும் பிறகுதான் தெரியவரும். கைப்பேசித் திரையில் கட்டுரைப் பகுதியின் நீளத்தில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் விளம்பரம் இருக்கலாகாது என்று விளம்பர நலக் கூட்டணி ஒன்று வகுத்த விதியை, 2018 பிப்ரவரி முதல் கூகுளின் குரோம் உலாவி அமல்படுத்தத் தொடங்கியது. நம் பத்திரிகைக் கமிஷன் யோசனையாகச் சொல்லி விட்டதை ஓர் உலாவி கட்டளையாக்கிற்று. இடத்தைக் குறைத்து, உள்ளதைக் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் வைத்து, ஒரு பகுதி வாசகருக்குப் பழைய அமைப்பையும் மற்றொரு பகுதிக்குப் புதிய அமைப்பையும் ஒரே வாரத்தில் காட்டி, இரண்டின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களே நிலையான அபிவிருத்தி கண்டார்கள். தீபாவளி வாரத்து வருமானத்தை ஆனி மாதத்து வருமானத்தோடு ஒப்பிட்டு, மாற்றத்தின் பலன் என்று எண்ணி ஏமாறுவதைத் தவிர்க்க இந்த முறை ஒன்றே உண்டு.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆதியில், விற்காத இடம் ஒரு விளம்பர வலைப்பின்னல்காரருக்குக் காட்டப்படும்; அவர் வேண்டாமென்றால் அடுத்தவருக்கு, பிறகு அதற்கடுத்தவருக்கு. கொத்தவால்சாவடியில் ஒரு மூட்டைக் காயை ஒவ்வொரு வியாபாரியிடமும் தனித்தனியே தூக்கிச் சென்று காட்டுவதற்கும், எல்லாரையும் கூட்டிவைத்து ஏலம் கூறுவதற்கும் உள்ள வித்தியாசம் அதில் இருந்தது. பின்னர் எல்லாரிடமும் ஒரே நேரத்தில் விலை கேட்கும் முறை வந்தது. பக்கம் திறக்கும் அரை வினாடிக்குள் ஏலம் முடிந்துவிடும். ஆனால் ஏலக்காரரும், விற்பவரின் தரகரும், வாங்குபவரின் தரகரும் பெரும்பாலும் ஒரே கம்பெனியாக இருந்தது. கூகுள் 2007-இல் டபிள்கிளிக்கை வாங்க முன்வந்ததும் இந்த நிலை உறுதிப்பட்டது. தன் 'ஆட்சென்ஸ்' ஏற்பாட்டில் நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பங்கு தளக்காரருக்குப் போகிறது என்பதை அந்நிறுவனம் பகிரங்கமாகச் சொன்னது 2010-இல்தான். ஆட்சென்ஸ் தொடங்கியது 2003-இல். ஏழு ஆண்டு காலம் தன் பங்கு எவ்வளவு என்று தெரியாமலே தளக்காரர் காசோலை வாங்கிக்கொண்டிருந்தார். ஏ.பி.சி.யை உண்டாக்கிய தலைமுறை இதை ஒப்புக்கொண்டிருக்காது என்றே நான் கருதுகிறேன்.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் 'டாம்', 'டாப்' என்ற தரங்கள் வகுக்கப்பட்டன; பிறகே யூனிகோடு பரவிற்று. இடையிலிருந்த ஆண்டுகளில், மனிதர் படிக்கும் தமிழ் இயந்திரத்துக்குப் பொருளற்ற குறிகளின் குவியலாகவே இருந்தது. கட்டுரை எதைப் பற்றியது என்று அறிந்து, அதற்குப் பொருந்திய விளம்பரத்தைக் காட்டும் ஆட்சென்ஸ், 2014-இல் இந்தியையும் 2017-இல் வங்காளியையும் ஏற்றுக்கொண்டது; தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். வாசகர் இருந்தும், எழுதுவோர் இருந்தும், பதினைந்து ஆண்டுகள் அந்த வாயில் தமிழுக்கு முறைப்படி திறக்கவில்லை. அந்த ஆண்டுகளில் உற்சாகத்தோடு தொடங்கிய சிறு தமிழ்த் தளங்களுக்கு நியாயமாகச் சேர்ந்திருக்க வேண்டிய வருமானத்தை எண்ணும்போது மனம் வருந்தாமல் இருப்பதில்லை.

2021-இல் பம்மல் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. அனகாபுத்தூர், திருநீர்மலை, பல்லாவரம் எல்லாம் அதே மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. பம்மல் மெயின் ரோட்டில் நகைக்கடை வைத்திருப்பவர் இன்று தம் கைப்பேசியில், 600075 என்ற அஞ்சல் எண்ணைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போட்டு விளம்பரம் கொடுக்கலாம்; பணம் நேரே தொலைதூரத்து ஏலச் சந்தைக்குப் போகிறது. அவருடைய விளம்பரம் தாம்பரத்துச் செய்திகளை எழுதும் ஒரு சிறு தமிழ்த் தளத்தில் தோன்றினாலும், அந்தத் தளக்காரருக்கும் அவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. 2024-இன் தொடக்கத்திலிருந்து ஆட்சென்ஸ் பெரும்பாலும் சொடுக்குக்குப் பணம் தராமல் காட்சிக்குப் பணம் தரும் முறைக்கு மாறியிருக்கிறது. கணக்கு மறுபடியும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற இடத்திலேயே வந்து நிற்கிறது. இந்நிலையில் அந்தத் தளக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தம் தளத்தைப் படிப்பவருள் எத்தனை பேர் பல்லாவரத்துக்கும் குன்றத்தூருக்கும் இடையே வசிக்கிறார்கள், விளம்பர இடம் எத்தனை பேர் கண்ணில் உண்மையாகப் பட்டது என்ற இரண்டு எண்களை, தாமே கூட்டிக் குறைக்காமல் வெளியாள் ஒருவரின் அளவைக் கருவியிலிருந்து எடுத்து, ஒரே தாளில் அச்சிட்டு, நகைக்கடைக்காரரின் மேஜையில் கொண்டுபோய் வைக்கலாம். பக்கத்தின் தலைப்பிலுள்ள ஓரிடத்தை மாத வாடகைக்குக் கேட்கலாம். மாத முடிவில் பில்லோடு, விளம்பரம் தோன்றிய பக்கத்தின் படத்தையும் அந்த அளவையையும் இணைத்து அனுப்ப வேண்டும். தளக்காரர் கணக்குக்கும் கடைக்காரர் கணக்குக்கும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் யாருடைய எண் செல்லும் என்பதையும் முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.